யார் பெயரில் இந்தத் தொலைபேசி? - அவுஸ்திரேலியாவின் தொலைபேசிக் கம்பனிகளும் புதிதாய் வந்திறங்கியோரும்

1993 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலே வழக்கத்துக்கு மாறான ஒரு வாக்கெடுப்பு ஆரம்பமாயிற்று. அது பாராளுமன்றத்துக்கான வாக்கெடுப்பும் அன்று. மாநகர சபைக்கானதும் அன்று. வீட்டிலே தொலைபேசி வைத்திருந்தோருக்குத் தபாலில் ஒரு வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது. தூர இடங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் எடுக்கும் அழைப்புகளை எந்தக் கம்பனியின் ஊடாக எடுக்க விரும்புகின்றீர்கள், டெலிகொம்மா ஒப்டஸா என்பதே அதிற் கேட்கப்பட்ட வினா. சீட்டை நிரப்பி அனுப்பாதோர் பழையபடி டெலிகொம்முடனேயே இருக்க விடப்பட்டனர். குடியுரிமை இன்னும் கைக்கு எட்டாதிருந்த எம்மவர் பலருக்கு இந்த மண்ணில் அளிக்கக் கிடைத்த முதல் வாக்கு அதுவே என்றால் மிகையாகாது.

அன்று தொட்டு இன்று வரை புதிதாய் வந்திறங்கும் ஒவ்வொருவரிடமும் இதே வினா வேறு வேறு வடிவத்திற் கேட்கப்பட்டு வருகின்றது. எந்தக் கம்பனி? எந்தத் திட்டம்? குவேக்கர்ஸ் ஹில்லில் வாடகை வீடொன்றில் குடியேறிய மறுநாளே மனிதர் இதைத்தான் அயலாரிடம் விசாரிக்கின்றார். அயலாரும் நிமிடத்துக்கு இத்தனை சதம், மாதத்துக்கு இத்தனை டொலர் என்று கணக்குச் சொல்கின்றனர். ஆனால், கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஒன்று புலப்படும். புதியவர் இந்நாட்டில் இழந்த பணத்திற் பெரும்பகுதி நிமிடக் கட்டணத்திற் போனதன்று, கையெழுத்திற் போனது. எவ்வளவு காலத்துக்கு, யாருடைய பெயரில், எதை வாசித்து அறிந்துகொண்டு கையெழுத்திட்டோம் என்பதிலேயே அது போயிற்று.

தெரிவு இல்லாத காலம்

1901 இல் ஆறு குடியேற்ற நாடுகளும் ஒன்றிணைந்து சமஷ்டி அரசு உருவானபோது தபாலும் தந்தியும் தொலைபேசியும் தபால் மா அதிபர் திணைக்களத்தின் கீழ் வந்தன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்த அந்த ஏற்பாடு 1975 யூலையிற் பிரிக்கப்பட்டது. தபால் ஒரு கூட்டுத்தாபனத்துக்கும் தொலைபேசி டெலிகொம் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றன. வெளிநாட்டு அழைப்புகள் இவ்விரண்டிலும் சேராமல், 1946 இல் அமைக்கப்பட்ட ஓ.ரி.சி. எனும் கடல்கடந்த தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் கையில் இருந்தன. 1976 இலிருந்தே சந்தாதாரர் ஒருவர் தாமே இலக்கங்களைச் சுழற்றி வெளிநாட்டை அழைக்க முடிந்தது.

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் இங்கு வந்து சேர்ந்த எம்மவர் கண்ட தொலைபேசி உலகம் இதுதான். ஒரே கம்பனி, ஒரே கட்டணம், தெரிவு என்று ஒன்றும் இல்லை. செலவு பெரிதாயினும் குழப்பம் இருக்கவில்லை. பேசுவதற்கு வேண்டியவர்கள்தாம் மறுமுனையில் இருக்கவில்லை! யாழ்ப்பாணத்தில் வீட்டுத் தொலைபேசி என்பது வைத்தியர், சட்டத்தரணி, பெரிய வர்த்தகர் ஆகியோரின் உடைமையாகவே இருந்தது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது மின்சாரத்தோடு தொலைபேசியும் குடாநாட்டில் அற்றுப்போயிற்று. அதன் பின் சிட்னியிலுள்ள மகனின் குரலைக் கேட்பதற்கு ஒரு தாய் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்தாக வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தின் இலக்கமும், குறித்த நாளும், குறித்த நேரமும் கடிதத்தில் எழுதப்படும். கடிதம் பிந்தினால் அழைப்பும் தவறும்.

ஆகவே 1990 களில் இங்கு நடந்த கம்பனிப் போட்டியை எம்மவர் மற்றைய அவுஸ்திரேலியரைப் போல நோக்கவில்லை. அவர்களுக்கு அது மாதச் செலவிற் சில டொலர் கூடுவதும் குறைவதுமான விடயம். எமக்கோ, கொழும்பு விடுதியில் நாட்கணக்காகக் காத்திருந்த ஒருவருடன் ஐந்து நிமிடம் பேசுவதா பதினைந்து நிமிடம் பேசுவதா என்ற விடயம்.

மூன்று கம்பனிகள்

செல்லிடத் தொலைபேசி அவுஸ்திரேலியாவுக்கு 1981 இல் வாகனத்திற் பூட்டும் கருவியாகவே வந்தது. 1987 பெப்ரவரியிற் சிட்னியில் ஏ.எம்.பி.எஸ். என்ற செல்லிட வலையமைப்பு ஆரம்பமாயிற்று. அப்போதைய கருவி செங்கல் அளவினது. விலையோ தொழிற்சாலையில் உழைக்கும் ஒருவரின் பல மாதச் சம்பளம். எம்மவர் அதைத் தொலைக்காட்சியிற் பார்த்ததோடு சரி.

1991 இன் இறுதியில் அரசாங்கம், நட்டத்தில் ஓடிய ஓசற் செய்மதிக் கம்பனியையும் அதனோடு இரண்டாவது தொலைத்தொடர்பு அனுமதிப்பத்திரத்தையும் 800 மில்லியன் டொலருக்கு விற்றது. வாங்கிய கூட்டில் அமெரிக்காவின் பெல் சவுத்தும் பிரித்தானியாவின் கேபிள் அன்ட் வயர்லெஸும் இருந்தன. அதுவே ஒப்டஸ். 2001 இல் அது சிங்கப்பூரின் சிங்டெல் வசமாயிற்று. டெலிகொம்மும் ஓ.ரி.சி.யும் 1992 இல் ஒன்றாக்கப்பட்டு, 1995 யூலையிலிருந்து டெல்ஸ்ட்ரா என்ற பெயரில் இயங்கலாயின. 1993 இல் ஜி.எஸ்.எம். எனப்படும் எண்முறை வலையமைப்பு வந்தபோது மூன்றாவதாக வொடபோன் சேர்ந்துகொண்டது. 1997 யூலை 1 ஆம் திகதி தொடக்கம் யார் வேண்டுமானாலும் தொலைபேசிக் கம்பனி நடத்தலாம் என்று சட்டம் கதவைத் திறந்துவிட்டது.

கதவு திறந்ததும் பெயர்கள் பெருகின. ஆயினும் கோபுரங்கள் பெருகவில்லை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நாடு தழுவிய செல்லிட வலையமைப்பு அன்றும் இன்றும் இம்மூவருடையதே. ஹட்சிசன் கம்பனி 2003 இல் ‘த்ரீ’ என்ற பெயரில் நான்காவதாக வந்து, 2009 இல் வொடபோனுடன் இணைந்து, 2013 இல் அந்தப் பெயரையே விட்டுவிட்டது. மற்றைய பெயர்களெல்லாம் இவர்களிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்போரின் பெயர்களே. மரக்கறிச் சந்தையில் ஒரே தோட்டத்துக் கத்தரிக்காயைப் பத்துக் கடைகளிற் பார்ப்பது போன்றது இது.

பெயர் கொடுத்தல்

கருவி விலையுயர்ந்தது, கையிற் பணமில்லை. கம்பனிகள் இதற்குக் கண்ட வழி, கருவியை இலவசம் போலக் கொடுத்துப் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு மாத ஒப்பந்தத்தில் ஆளைக் கட்டிவைப்பதாகும். ஆனால் ஒப்பந்தத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும், வேலைச் சான்று வேண்டும், முகவரி வேண்டும். வங்கிக் கணக்குத் திறப்பதற்கென வழக்கத்துக்கு வந்த நூறு புள்ளி அடையாளமுறை தொலைபேசிக் கடைகளிலும் பழக்கமாயிற்று. நேற்று வந்தவரிடம் இவற்றில் எது இருக்கும்?

“மச்சான், உன்ரை பெயரிலை ஒரு போன் எடுத்துத் தா, மாசாமாசம் காசு தந்திடுறன்.” இந்த ஒரு வசனத்தை அக்காலத்திற் கேளாத வீடு குறைவு. முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குப் பெயர் கொடுத்தார். ஊரிற் பிணை நிற்பது எவ்வளவு பெரிய விடயமோ அவ்வளவு பெரிய விடயம் இது என்பதை அப்போது பலர் உணரவில்லை. ஊர்ப் பிணையில் கடன் எவ்வளவு என்பதாவது தெரியும். தொலைபேசியிலோ மாத முடிவிற்றான் தெரியும். தங்கை கொழும்பிலே தடுத்து வைக்கப்பட்டாள் என்ற செய்தி வந்த இரவு எவர் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருப்பார்? அடுத்த மாதம் நூற்றுக்கணக்கான டொலருக்குப் பட்டியல் வந்தது. பட்டியல் பெயர் கொடுத்தவருக்கே வந்தது.

சட்டத்தின் கண்ணுக்கு உறவுமுறை தெரியாது. ஒப்பந்தத்திற் பெயருள்ளவரே கடனாளி. இந்நாட்டில் 150 டொலரோ அதற்கு மேலோ உள்ள கடன் அறுபது நாட்களுக்கு மேற் செலுத்தப்படாதிருப்பின், உரிய அறிவித்தல்களின் பின் அது கடன் பதிவேட்டில் ஏறலாம். ஏறினால் ஐந்து ஆண்டுகள் அழியாது. குவேக்கர்ஸ் ஹில்லிலோ ஸ்கொபீல்ட்ஸிலோ வீடு வாங்க வங்கிக்குச் செல்லும்போதுதான், என்றோ ஒன்றுவிட்ட தம்பிக்கு எடுத்துக் கொடுத்த தொலைபேசி நினைவுக்கு வரும். உறவுகள் இதனால் முறிந்தன. பணம் சிறிதாயினும் மனத்தாங்கல் பெரிதாக இருந்தது. கலியாண வீடுகளில் முகம் பாராமல் திரும்பியோர் உண்டு. பெயர் கொடுத்தவரையும் நோக முடியாது, கேட்டவரையும் நோக முடியாது என்பதே என் எண்ணம். வந்த நாளிலேயே வேரூன்றியவர் போல் ஆவணம் காட்டு என்று கேட்ட முறையிலேதான் கோளாறு இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது 1990 களின் பிற்பகுதியில் வந்த முற்கொடுப்பனவு முறை. முதலிற் பணம், பிறகு பேச்சு. கடனும் இல்லை, பிணையும் இல்லை. பொருளாதார அறிஞர்கள் இதை வியாபார உத்தி என்பர். என்னைக் கேட்டால், அகதியின் பார்வையில் அவுஸ்திரேலியத் தொலைபேசி வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் போட்டிச் சட்டமோ எண்முறையோ அன்று. ஒருவர் தம் சொந்தப் பெயரில், எவரிடமும் கைகட்டி நில்லாமல், ஒரு சிம் அட்டை வாங்கக் கூடியதாக வந்தமையே. சிம் அட்டைக்கும் அடையாளம் காட்டவேண்டும் என்பது உண்மைதான். எனினும் 2013 இல் வந்த விதிமுறையின் பின்னர், கடைக்காரர் ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக அரசின் ஆவணச் சரிபார்ப்புச் சேவை ஊடாக அதை இணையத்திற் செய்யும் வழி பரவிற்று. கடவுச்சீட்டு இல்லாதோருக்குக் குடிவரவுத் திணைக்களம் வழங்கும் இமிகார்ட் அட்டையும் அச்சேவையிற் சரிபார்க்கப்படுகின்றது.

அட்டையும் ஒன்.டெல்லும்

முற்கொடுப்பனவின் சிறிய தம்பியாகத் தொலைபேசி அட்டை வந்தது. எம்மவர் மளிகைக் கடைகளில் ஊதுபத்திக்கும் மிளகாய்த் தூளுக்கும் அருகே பத்து டொலர் அட்டைகள் வரிசையாகத் தொங்கின. இலங்கைக்கு இத்தனை நிமிடம் என்று பெரிய எழுத்திற் போட்டிருக்கும். இணைப்புக் கட்டணம், நாட்கட்டணம், பேசிய நேரத்தை அடுத்த பல நிமிடங்களுக்கு உயர்த்திக் கணிக்கும் முறை ஆகியவை எறும்பெழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. ஒரே அழைப்பிற் பேசி முடித்தால் மட்டுமே விளம்பரம் சொன்ன நிமிடங்கள் கிடைக்கும் என்பது பலருக்கும் பிந்தியே விளங்கிற்று. இந்த விளம்பரங்களுக்கு எதிராகப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2010 ஐ அண்டிய ஆண்டுகளில் சமஷ்டி நீதிமன்றம் சென்று, அவை மக்களைத் தவறாக வழிநடத்தின என்ற தீர்ப்பையும் பெற்றது. அந்நேரத்தில் அட்டைகளின் காலமே முடியத் தொடங்கியிருந்தது.

போட்டியின் மறுபக்கத்தை 2001 காட்டிற்று. 1995 இல் ஆரம்பிக்கப்பட்ட ஒன்.டெல் கம்பனி மலிந்த கட்டணத்தால் குறுகிய காலத்தில் இலட்சக்கணக்கானோரைச் சேர்த்து, 2001 மே மாத இறுதியில் வீழ்ந்தது. மலிவாகக் கொடுப்பவர் எத்தனை காலம் கொடுப்பார் என்று கேட்கும் பழக்கம் அதன் பின்னரே பலருக்கு வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் செல்லிட இலக்கத்தை மாற்றாமலே கம்பனியை மாற்றும் உரிமை நடைமுறைக்கு வந்தது. பெருமளவில் பேசப்படாத இந்த மாற்றம் எமக்கு மிகவும் முக்கியமானது. குடிவரவுத் திணைக்களத்திலும் சட்டத்தரணியிடமும் கொடுத்த இலக்கம் மாறிப்போனால் ஒருவருடைய வழக்கே தவறிப்போகலாம் என்ற நிலையில், இலக்கம் ஆளோடு வரும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் இங்கும் பெயர் குறுக்கே நிற்கின்றது: கணக்கு எவர் பெயரில் உள்ளதோ அவரே இலக்கத்தை மாற்றக் கோரலாம்.

எம்மவர் தொடங்கிய கம்பனிகள்

வரலாற்றின் விந்தைகளில் ஒன்று, இந்தக் கதையிற் பின்னர் எம்மவரே விற்பனையாளராக வந்து நின்றமை. 2001 இல் ஐரோப்பாவில் லெபாரா கம்பனியை ஆரம்பித்த மூவரும் இலங்கைத் தமிழர்கள். லியோன், பாஸ்கரன், ரதீசன் எனும் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. 2006 இல் இலண்டனில் லைக்காமொபைலை ஆரம்பித்த சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டு இளைஞர் லைக்காவைத் திரைப்படத் தயாரிப்பாளராகவே அறிவர். எம்மவருக்கு அது முதலில் சிம் அட்டை.

இவ்விரு கம்பனிகளும் ஏறத்தாழ 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவுக்கு வந்தன. லெபாரா வொடபோனின் கோபுரங்களையும், லைக்கா டெல்ஸ்ட்ராவின் கோபுரங்களையும் பயன்படுத்தின. தாய்நாட்டோடு பேசத் துடிப்பவரின் தேவையை வெள்ளைக்காரக் கம்பனிகள் கணக்கிற் கொள்ளாதிருந்தபோது, அதே துடிப்பை அனுபவித்தவர்கள் அதை வியாபாரமாக்கினர். இதிற் பெருமை கொள்வதில் தவறில்லை. எனினும் முதலாளி தமிழர் என்பதற்காக நிபந்தனைகளை வாசியாது விடுவது புத்தியன்று. அன்றியும் லெபாராவின் அவுஸ்திரேலியப் பிரிவு பின்னர் வொடபோனின் உரிமையாளர் கைக்கே சென்றுவிட்டது. பெயரில் தமிழ் இருக்கலாம். பட்டியல் வருவது வேறு இடத்திலிருந்து.

‘கூரை’ எனப்பட்ட தரை

2000 களின் பிற்பாதியில் எங்கும் கேட்ட சொல் ‘கப்’. நாற்பத்தொன்பது டொலர் கப், எழுபத்தொன்பது டொலர் கப் என விளம்பரங்கள் முழங்கின. அச்சொல்லின் பொருள் மேலெல்லை, அதாவது இதற்கு மேற் போகாது என்பது. ஆங்கிலம் கற்றுக்கொண்டு வந்த எம்மவர் அகராதியைப் பார்த்து அப்படியே நம்பினர். உண்மையில் அது கீழெல்லை. பேசினாலும் பேசாவிட்டாலும் அத்தொகை கட்டவேண்டும். குறித்த அளவுக்கு மேற் பேசினால் மேலதிகமாகக் கட்டவேண்டும். தரையைக் காட்டிக் கூரை என்றார்கள். ஆங்கிலம் தாய்மொழியானோரே ஏமாந்தார்கள் என்றால் எம் நிலை என்னாகும்?

1993 இல் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்பு மத்தியஸ்தர் அலுவலகத்துக்கு 2010-11 ஆம் ஆண்டில் மட்டும் 1,97,000 க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை விசாரணை நடத்தி 2011 இல் அறிக்கை வெளியிட்டது. 2012 இன் நுகர்வோர் பாதுகாப்புக் கோவை அந்தச் சொல்லின் தவறான பாவனைக்குத் தடை போட்டதுடன், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓரிரு பக்கங்களில் முக்கிய தகவற் சுருக்கம் ஒன்றைக் கம்பனி வழங்கவேண்டும் என்றும் விதித்தது. குறைந்தபட்சக் கட்டணம், ஒப்பந்தக் காலம், இடையில் முறித்தால் கட்டவேண்டியது ஆகியவை அதில் இருக்கும். கையெழுத்திடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடமேனும் காட்டுவது நன்று.

கம்பிவேலிக்கு உள்ளும் புறமும்

2009 இன் பின்னர் படகில் வந்தோரின் கதை வேறு. தடுப்பு முகாம்களில் அவர்களுக்குச் செல்லிடத் தொலைபேசி அனுமதிக்கப்படவில்லை. பின்னர் எல்லாத் தடுப்புக்காவலரிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு முனைந்தபோது வழக்குத் தொடரப்பட்டது. 2018 யூனில் சமஷ்டி நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஒட்டுமொத்தத் தடைக்குச் சட்ட அதிகாரம் இல்லை எனத் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த சட்டமூலம் 2020 இல் செனற் சபையில் ஆதரவின்றி நின்றது. 2024 நவம்பரிலோ பொருட்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. வெளியே எந்தத் திட்டம் மலிவு என்று ஆராயும் நாம், வில்லாவூட்டில் உள்ளோருக்கு அந்த ஆராய்ச்சியே ஒரு சலுகை என்பதை மறத்தலாகாது.

விடுவிக்கப்பட்டோர் பலர் நகரில் தங்கவில்லை. 2014 இன் இறுதியிற் சட்டமாகிய பாதுகாப்பான புகலிடத் தொழில் விசா, நகருக்கு வெளியே மூன்றரை ஆண்டு வேலையோ கல்வியோ செய்தோருக்கு வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பைக் காட்டிற்று. இறைச்சித் தொழிற்சாலைகளுக்கும் பழத்தோட்டங்களுக்கும் எம்மவர் சென்றனர். அங்கேதான் கோபுரக் கணக்கு விளங்கத் தொடங்கிற்று. குவேக்கர்ஸ் ஹில்லில் மூன்று வலையமைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான்; நகரில் மலிவானதை எடுக்கலாம். உள்நாட்டில் அப்படியன்று. டெல்ஸ்ட்ரா தன் முழு வலையமைப்பு சனத்தொகையின் 99.7 சதவீதத்தை எட்டுவதாகச் சொல்லும். ஆனால் அதனிடம் வாங்கி விற்கும் பெரும்பாலான சிறு கம்பனிகளுக்குக் கிடைப்பது 98.8 சதவீதத்தை எட்டும் மொத்த விற்பனை வலையமைப்பே. ஒரு சதவீதந்தானே என்று எண்ணக்கூடாது. அது மனிதரின் சதவீதம். நிலத்தின் சதவீதம் அன்று. அந்த ஒன்றுக்குள் அடங்கும் நிலம் ஈழத்தைப் போலப் பல மடங்கு. வொடபோன் 2025 தொடக்கத்திலிருந்து ஒப்டஸின் கிராமப்புறக் கோபுரங்களையும் பகிர்ந்துகொள்வதால் அதன் எல்லையும் விரிந்துள்ளது. வேலைக்குப் போகும் ஊரின் பெயரை வைத்து வரைபடம் பார்த்த பின்னரே சிம் வாங்குதல் வேண்டும்.

இரு வழக்குகள்

கையெழுத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு நீதிமன்றமே சான்று தந்துள்ளது. 2021 மே மாதம் சமஷ்டி நீதிமன்றம் டெல்ஸ்ட்ராவுக்கு 50 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. அலிஸ் ஸ்பிறிங்ஸ், புறூம் முதலிய இடங்களில் அதன் பெயரால் இயங்கிய ஐந்து கடைகளில், 108 முதற்குடி மக்களிடம், அவர்களுக்கு விளங்காததும் அவர்களால் கட்ட முடியாததுமான பிற்கொடுப்பனவு ஒப்பந்தங்களிற் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தது. அவர்களிற் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. தலைக்குச் சராசரி 7,400 டொலருக்கு மேற் கடன் ஏறியிருந்தது.

அதைக் கண்டும் பாடம் படியாத நிலையில், 2025 செப்டெம்பரில் ஒப்டஸுக்கு 100 மில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2019 க்கும் 2023 க்கும் இடையே பதினாறு கடைகளில் நானூறுக்கும் மேற்பட்டோருக்கு வேண்டாத தொலைபேசிகளும் ஒப்பந்தங்களும் விற்கப்பட்டிருந்தன. சிலர் வாழ்ந்த இடத்தில் ஒப்டஸின் அலையே எட்டவில்லை. அறிவு வளர்ச்சி குன்றியோர், வேலையற்றோர், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எனப் பாதிக்கப்பட்டோரின் பட்டியல் நீள்கின்றது. கடன்கள் அறவிடும் முகவரிடம் கையளிக்கவும்பட்டன.

இந்த மண்ணின் ஆதி உடைமையாளரும் நேற்று வந்த அகதியும் ஒரே கடை மேசையில் ஒரே விதமாக ஏமாற்றப்படக் கூடியவர்கள் என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன. மறுபேச்சுப் பேசுவது மரியாதையீனம் என்று வளர்ந்தோர், விளங்காதபோதும் தலையாட்டுவோர், எதிரில் இருப்பவர் சீருடை அணிந்திருந்தால் அரச ஊழியர் என எண்ணுவோர் இரு பக்கத்திலும் உண்டு. விற்பனையாளருக்கோ கையெழுத்துக்குக் கையெழுத்துத் தரகு.

பழைய கருவியும் மூன்று பூச்சியமும்

வலையமைப்புகளுக்கும் ஆயுள் உண்டு. ஏ.எம்.பி.எஸ். 2000 இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாகக் கிராமங்களுக்கு வந்த சி.டி.எம்.ஏ. 2008 ஏப்ரலில் மூடப்பட்டது. டெல்ஸ்ட்ராவின் இரண்டாந் தலைமுறை 2016 டிசெம்பரில் ஓய்ந்தது. மூன்றாந் தலைமுறையை வொடபோன் 2024 இன் தொடக்கத்திலும், மற்றைய இரண்டும் 2024 ஒக்டோபர் 28 இலும் மூடின. ஒவ்வொரு முறையும் கருவியைத் தூக்கி எறிய நேர்ந்தவர் மலிவான பழைய கருவி வைத்திருந்தவரே.

கடைசி மூடலில் ஓர் உயிர் ஆபத்தும் சேர்ந்திருந்தது. சில கருவிகள் நான்காந் தலைமுறையிற் சாதாரண அழைப்பை எடுத்தாலும், 000 எனும் அவசர இலக்கத்தை மட்டும் மூன்றாந் தலைமுறையிலேயே தேடும் விதத்தில் அமைந்திருந்தன. அத்தகைய கருவிகளை வலையமைப்பிலிருந்தே நீக்கவேண்டும் எனக் கம்பனிகளுக்குக் கட்டளையிடப்பட்டது. வெளிநாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கருவிகள் இதில் அதிகம் அகப்பட்டன. கொழும்பிலோ சென்னையிலோ வாங்கி வந்த தொலைபேசி எத்தனை புதிதாயினும் இங்கு செல்லும் என்ற நிச்சயம் இல்லை. 2025 இன் பிற்பகுதியில், பழைய மென்பொருள் கொண்ட கருவியிலிருந்து 000 ஐ அழைக்க முடியாமற்போன ஒருவர் சிட்னியில் இறந்த செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் ஒப்டஸ் வலையமைப்பில் 000 அழைப்புகள் பல மணி நேரம் தடைப்பட்டு உயிரிழப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டன. அண்ணர் பழசைத் தந்தார் என்று மகிழ்ந்து வாங்கும் புதியவர், அதன் மாதிரி இலக்கத்தைத் தம் கம்பனியிடம் சொல்லி, 000 க்கு வேலை செய்யுமா என்று கேட்டறிவது அவசியம். சோதித்துப் பார்ப்பதற்காக 000 ஐ அழைக்கலாகாது, அது குற்றம்.

இன்று வந்திறங்குவோருக்கு இலங்கை நிமிடங்கள் அத்துணை முக்கியமல்ல. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் யாழ்ப்பாணத்துக்கும் செல்லிடத் தொலைபேசி வந்தது. இப்போது அம்மாவும் வட்ஸ்அப்பில் முகங்காட்டிப் பேசுகின்றார். தரவு அளவும் நாட்கணக்குமே இனி நோக்கவேண்டியவை. மாதத் திட்டம் என்று சொல்லப்படும் முற்கொடுப்பனவு பெரும்பாலும் 28 நாட்களுக்கே. ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவையன்று, பதின்மூன்று தடவை பணம் போடவேண்டும். நாள் கடந்து, தரப்படும் தவணையும் கடந்தால் இலக்கம் போய்விடும். சில காலத்தின் பின் அது வேறொருவருக்குக் கொடுக்கப்படும். விசா விண்ணப்பத்தில் அந்த இலக்கத்தை எழுதியோர் இதைக் கவனித்தல் வேண்டும். ஓராண்டுக்கு ஒரேயடியாகப் பணம் கட்டும் சிம் அட்டைகள் இவ்வகையில் வசதியானவை. ஆயினும் வந்த மாதத்தில் அந்தத் தொகை எத்தனை பேரிடம் இருக்கும் என்பது வேறு கேள்வி.

கம்பனியோடு பிணக்கு ஏற்பட்டு, அவர்களிடம் முறையிட்டும் தீராவிடின் தொலைத்தொடர்பு மத்தியஸ்தரை 1800 062 058 இல் அழைக்கலாம், செலவில்லை. ஆங்கிலத்தில் தயக்கமுள்ளோர் முதலில் 131 450 ஐ அழைத்து, தமிழ் என்று ஒரு சொல்லும் மத்தியஸ்தரின் இலக்கமும் சொன்னாற் போதும். 1973 இல் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கப்பட்ட தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை அது. கட்ட முடியாத கடன் ஏறியிருப்பின், 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையிலுள்ள நிதி நெருக்கடி விதிமுறையின் கீழ் உதவி வேண்டுமென்று கம்பனியிடமே கேட்கலாம். கேட்டவுடன் இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு அனுமதியில்லை.